அரைச் சுரத்தில் பாதி

றேணுகாவுக்குக் காது நல்லது என்று கண்டியில் பத்துப் பேரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பதினோராவது ஆள் றேணுகாவேதான். அவளிடம் கேட்கவே தேவையில்லை, தானாகச் சொல்லிவிடுவாள்.

வயது முப்பத்து மூன்று. நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களைக் கதிரையில் உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, முன்னுக்குப் போட்டது தெளிவா என்று கேட்பது தொழில். அந்த இடத்தில் அவளைப் போல ஒரு பொறுமைசாலியைப் பார்க்க முடியாது. ஒருவர் ஐந்து தரம் பதிலை மாற்றினாலும் ஆறாம் தரமும் சிரித்துக்கொண்டே வில்லையைப் போடுவாள். கண் விஷயத்தில் யாரும் பிழைவிடலாம் என்பது அவள் கொள்கை. காது விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது. யாராவது சுருதி விலகிப் பாடினால் முதலில் முகம் சுளிக்கும், அடுத்த நிமிடம் வாய் திறக்கும். அந்த வாய்க்குப் பயந்தே கோயில் பாடகர் குழுவில் பலர் ஒழுங்காகப் பாடினார்கள் என்று சொல்வார்கள்.

அப்படிப்பட்ட காது அவளுக்கு எங்கேயிருந்து வந்தது என்றால், கோயிலில் இருந்துதான். அப்பாவின் ஆட்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிப் பிலிமத்தலாவையில் குடியேறியவர்கள். ஞாயிறு பூசைக்கு பஸ் ஏறிக் கண்டிக்கு வருவார்கள். அந்தப் பங்குக் கோயிலில் எப்போதோ ஒரு வெளிநாட்டுப் பாதிரியார் கப்பலில் கொண்டுவந்த கால்மிதி ஆர்மோனியம் ஒன்று உண்டு. அதை வாசிப்பவர் வில்பிரட் மாஸ்டர். பாடகர் குழுவின் தலைவரும் அவர்தான். றேணுகா ஒன்பது வயதில் குழுவில் சேர்ந்தாள். பதின்மூன்றில் கிட்டார் கையில் கிடைத்தது. மாஸ்டர் ஒரு கட்டையை அமுக்குவார், அவள் அதற்குத் தந்தியை முறுக்குவாள். இரண்டு வருடத்தில் கட்டையை அமுக்கத் தேவையில்லாமல் போயிற்று. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதும் அவள் மனதுக்குள் ஆர்மோனியத்தின் சுரம் அப்படியே இருந்தது. வாயைத் திறந்தால் அதே சுரம் வரும். மாஸ்டர் அவளுக்கு நடமாடும் ஆர்மோனியம் என்று பெயர் வைத்தார். குழு சுருதி எடுப்பது அவள் வாயைப் பார்த்துத்தான்.

வீட்டில் ஒரு கசட் பெட்டி இருந்தது. பற்றரி புதிதாக இருந்தால் பாட்டுக்காரர் துள்ளுவார், பற்றரி இறங்கினால் அவரும் இறங்குவார். பக்கத்து வீட்டுப் பெட்டியில் அதே பாட்டு வேறொரு சுருதியில் ஓடும். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளை தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டது: மின்சாரத்தில் ஓடுகிறவை பொய் சொல்லும், ஆர்மோனியம் பொய் சொல்லாது. பதின்மூன்று வயதில் போட்ட சட்டம். அதற்குப் பிறகு திருத்தம் எதுவும் கொண்டுவரப்படவில்லை.

தம்பி எஸ்ரனும் அதே கோயில், அதே ஆர்மோனியம், அதே காது. அவன் கலகெதரப் பக்கம் டியூஷன் வகுப்பொன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறான். ஒருமுறை அவன் சுருதி காட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கிக் கிட்டாரின் முன்னால் வைத்தான். முள் இரண்டு எழுத்துக்கு நடுவில் நின்று நடுங்கியது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். போன வாரம் போன் தண்ணீரில் விழுந்ததுதானே என்றாள் அவள். விழுந்தது உண்மைதான். ஆகவே அந்த வழக்கு அத்தோடு தள்ளுபடியாயிற்று.

கஜனி கோயில் பாடகர் குழுவுக்கு வந்தது ஆறு வருடங்களுக்கு முன்னால். யாழ்ப்பாணத்துப் பெண், குருநகர். வேலை மாற்றத்தில் கண்டிக்கு வந்து கெட்டம்பைப் பக்கம் ஒரு கந்தோரில் வேலை பார்த்தாள். வயது இருபத்தைந்து. போடிங் அறையில் தனியாக இருந்தவளுக்குக் கண்டியில் தெரிந்தவர்கள் என்றால் அந்தப் பாடகர் குழுதான். மூன்று மாதம் பின்வரிசையில் பேசாமல் பாடினாள். பிறகு கிறிஸ்து பிறப்பு நத்தார்ப் பாட்டுகளுக்குக் குழல் வாசிக்கலாமா என்று மாஸ்டரிடம் கேட்டிருக்கிறாள். அவரும் சரி என்றார். அடுத்த ஒத்திகைக்குத் துணிப் பையில் மூன்று மூங்கில் குழல் கொண்டுவந்தாள்.

முதல் குழல் ஆர்மோனியத்தோடு சேரவில்லை. இரண்டாவதும் சேரவில்லை. மூன்றாவதை வாசித்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். றேணுகாவுக்குப் பொறுக்கவில்லை. பிழை எங்கே என்று தெரிகிறதா என்று கேட்டாள். கஜனி கொஞ்சம் யோசித்துவிட்டு, குழல் மூன்றும் சரியாகத்தான் நிற்கின்றன, ஆர்மோனியம்தான் இறங்கியிருக்கிறது போல என்று மெதுவாகச் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

வேறு யாராவது என்றால் மூன்று குழலும் ஒன்றுபோல விலகுவதைப் பார்த்து ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார்கள். றேணுகா யோசிக்கவில்லை. ஆர்மோனியத்தைச் சொன்னது அவளைச் சொன்னது மாதிரி. குழு முழுவதையும் திரும்பிப் பார்த்துவிட்டு, "காது இல்லாதவங்களுக்குக் குழல் எதுக்கு?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குக் கோயிலுக்குள் இருந்தது, கஜனியை விட்டு, றேணுகாவையும் மாஸ்டரையும் சேர்த்து, இருபத்தெட்டுப் பேர். மார்கிரட் அக்கா சிரித்த சிரிப்பில் புத்தகம் கீழே விழுந்தது. எஸ்ரனும் சிரித்தான். மாஸ்டர் குனிந்து மிதிகட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஜனி குழல்களைத் துணிப் பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை. நத்தார் பாட்டு அந்த வருடம் பிரமாதமாக நடந்தது.

இனி றேணுகாவும் தம்பியும் சேர்ந்து தொடங்கிய இசைக்குழுவின் கதை. கட்டுகஸ்தோட்டையில், மடவளை பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்ட, போன் கவர் விற்கும் சின்னக் கடை ஒன்று ஷப்ராஸுக்கு இருக்கிறது. மடவளைப் பையன், றேணுகாவைவிட ஆறு வயது இளையவன். போனுக்குக் கண்ணாடி ஒட்டப் போன எஸ்ரன், அவன் கடை மேசையில் விரலால் தட்டிய தாளத்தைக் கேட்டு நின்றுவிட்டான். அப்படித்தான் தொடங்கியது. கடைக்கு மேல்மாடி ஷப்ராஸின் சாச்சா மக்கீனுடையது. மிளகும் கராம்பும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பார். மூட்டைகள் சத்தத்தை நன்றாகக் குடிக்கும். வாசிக்க விட்டதற்கு மக்கீன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பாங்கு சொல்வதற்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே எல்லாம் ஓய்ந்துவிட வேண்டும். அதை அவர்கள் ஒருநாளும் மீறவில்லை. குழுவின் பெயர் ஈரக் கூரை. மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் உட்கார்ந்து வைத்த பெயர்.

அவர்கள் வாசித்தது என்ன வகை என்று கேட்டால் ஷப்ராஸ் அரைமணி நேரம் பேசுவான். வெளிநாடுகளில் இப்போது இளம் ஆட்கள் வீட்டு அறைகளில் இருந்தபடியே செய்கிற சங்கீதம் அது. கிட்டார் தண்ணீருக்கு அடியில் இருந்து வருவது போல நெளியும். பாடுகிறவர் பக்கத்து அறையில் நின்று பாடுவது போலிருக்கும். டிரம்ஸ் மட்டும் கிட்டத்தில், உலர்ந்து, காதோரம் தட்டும். ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்திய மயக்க ராக் இசையின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம். ஆனால் இந்தப் பேரப்பிள்ளைகள் துருக்கிக்காரரின் பழைய இசைத்தட்டு, தாய்லாந்துக் கிட்டார், சகாரா மணலில் பிறந்த வாசிப்பு என்று கண்டதையும் தின்று வளர்ந்தவர்கள். பாட்டை முடிக்க அவர்களுக்கு அவசரமே கிடையாது. ஒரே வளையத்தைப் பத்து நிமிடம் சுற்றுவார்கள், நடுவில் ஏதோ ஒன்று மெல்ல மாறும், அதைக் கேட்கத்தான் ஆட்கள் காத்திருப்பார்கள்.

ஷப்ராஸ் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு மூட்டைகளுக்கு நடுவில் கொண்டுவந்து கொட்டினான். ஆனால் கையில் இருந்தது வேறு. அவன் கைக்குத் தெரிந்தது ரபான் மேளத் தாளமும், கலியாண வீட்டுப் பைலாவும், பஸ்ஸில் பின்சீட்டை அதிரவைக்கும் பாட்டுகளும்தான். பைலாவைப் பாதி வேகத்துக்கு இறக்கித் தட்டினான். காய்ச்சல்காரன் ஆடுகிற பைலா மாதிரி இருந்தது, ஆனால் நன்றாக இருந்தது. எஸ்ரன் அதற்குக் கீழே பேஸ் கிட்டாரைத் தன் பாட்டுக்கு நடக்கவிட்டான். றேணுகா பெடலை மிதித்துக் கிட்டாரை நெளியவிட்டு, கோயிலில் பழகிய மாதிரி ஒரே சுரத்தை நீளப் பிடித்துப் பாடினாள். சுருதி கொடுத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

'மழைக்கு முந்திய பஸ்' என்ற பாட்டை அவர்கள் மாடியிலேயே பதிவு செய்து இணையத்தில் போட்டார்கள். முதலில் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பிறகு எப்படியோ போர்த்துக்கல்லிலும் மெக்சிக்கோவிலும் கேட்டார்கள். அங்கே ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். இந்தக் குழு எல்லா வாத்தியத்தையும் குரலையும் அரைச் சுரத்தில் பாதியளவு இறக்கி வைத்திருக்கிறது, அந்தச் சோகம் அங்கேயிருந்துதான் வருகிறது, துணிச்சலான முடிவு என்று. எஸ்ரன் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினான். வெறியில் எழுதியிருக்கிறான் என்று றேணுகா சொல்லிவிட்டுக் கிட்டார் வயரைச் சுற்றினாள்.

போன வைகாசியில் கொழும்பில் ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனம் ஆறு குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்து வெளியிடப் போவதாகக் கடிதம் போட்டது. 'மழைக்கு முந்திய பஸ்'ஸும் அதில் ஒன்று. பாட்டோடு கீபோர்ட் கொஞ்சம் சேர்க்கத் தாஸிம் என்ற வாத்தியக்காரரை அனுப்பினார்கள். வந்தவர் மிளகு மூட்டை ஒன்றின்மேல் கீபோர்டை வைத்து, பாட்டைக் கேட்டபடி ஒரு கட்டையை அமுக்கினார். ஒரே கதிரையில் இரண்டு பேர் உட்காரப் பார்த்த மாதிரி இருந்தது. இன்னொரு கட்டையை அமுக்கினார். அதுவும் ஆகவில்லை. உங்கள் கீபோர்ட் பிழை என்று றேணுகா சொன்னாள். தாஸிம் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. பையிலிருந்து சுருதிக் கருவியை எடுத்துக் கீபோர்டுக்குக் காட்டினார், பச்சை விளக்கு எரிந்தது. கிட்டாருக்குக் காட்டினார், சிவப்பு. பேஸுக்குக் காட்டினார், சிவப்பு. பாடச் சொன்னார். அவள் பாடினாள். சிவப்புதான்.

பிறகு கீபோர்டில் எதையோ திருகி அதையும் அரைச் சுரத்தில் பாதிக்கு இறக்கி வாசித்தார். எல்லாம் வெண்ணெய் போல ஒட்டிக்கொண்டது. அருமையாயிருக்கிறது, வேண்டுமென்றே வைத்ததா என்று தாஸிம் கேட்டார். றேணுகா வாயைத் திறப்பதற்குள் ஷப்ராஸ், ஆமாம், யோசித்து யோசித்து வைத்தது என்று சொல்லிவிட்டான். பாவம், பிழைப்பு தெரிந்த பையன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வெளியே போன பிறகு றேணுகா ஆர்மோனியத்தின் முன்னால் தனியாக உட்கார்ந்தாள். கடன் வாங்கி வந்த சுருதிக் கருவியைப் பலகையில் வைத்து மிதித்தாள். ஒவ்வொரு கட்டையாக அமுக்கினாள். முள் ஒவ்வொரு முறையும் அதே அளவு கீழே நின்றது. கடைசிக் கட்டை வரைக்கும் போனாள்.  காது பிழை என்பதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மூன்று குழலும் ஒரு துணிப் பையும் ஞாபகம் வந்துவிட்டன. உண்மையைச் சொன்னவளைக் காது இல்லாதவள் என்று சொல்லி, அத்தனை பேரையும் சிரிக்கவைத்து அனுப்பியிருக்கிறாள். அதை அவள் மறைத்துப் பார்க்கவில்லை, சாட்டுப் போக்குத் தேடவில்லை. அந்த வரைக்கும் நல்ல பெண்தான்.

தம்பியிடம் சொன்னாள். எஸ்ரன் நகத்தைக் கடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளை இப்போது எங்கேயோ, விடு என்றான். ஷப்ராஸிடம் சொன்னாள். அவன் பதறிவிட்டான். சுருதியை வேண்டுமென்றே இறக்கிய கதையை அதற்குள் இரண்டு இடத்தில் பேட்டியாகக் கொடுத்தாயிற்று. துருக்கி, சகாரா, எல்லாவற்றையும் சேர்த்து அழகாகச் சொல்லியிருக்கிறான்.

"நீங்க மட்டும் இரிக்கிற இடத்துல சொல்லுங்க, றேணு அக்கா. நான் வாணாமெண்டு சொல்லல்ல. ஆனா பேர் எங்க மூணு பேருக்கும் தானே."

அதிலும் நியாயம் இருந்தது. மூன்று கிழமை றேணுகா அதைத் தள்ளிப்போட்டாள். கடையில் ஒருவருக்கு இடது கண்ணின் வில்லையை வலது கண்ணுக்கு மாட்டி, முதலாளியிடம் ஏச்சு வாங்கினாள். அதுவரைக்கும் அப்படி நடந்ததில்லை.

வாவிக்கு அருகே ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரம் அந்த ஆறு குழுக்களையும் வைத்து ஒரு கூட்டம் நடந்தது. ஒவ்வொரு குழுவும் இரண்டு பாட்டு வாசித்துவிட்டு மேடையிலேயே உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இருநூறு பேர் இருந்திருப்பார்கள், முக்கால்வாசி மாணவர்கள். ஈரக் கூரையின் முறை வந்தது. நடத்திய பெண் சிங்களத்தில் கேட்டாள்: இந்தச் சத்தம் எங்கேயிருந்து வந்தது, உங்கள் மீது யாருடைய பாதிப்பு அதிகம்? ஷப்ராஸ் ஒலிவாங்கியை எடுக்கக் கை நீட்டினான். றேணுகா முந்திக்கொண்டாள்.

இதில் யோசித்துச் செய்தது எதுவும் இல்லை என்று தொடங்கினாள். எங்கள் கோயில் ஆர்மோனியம் இறங்கிக் கிடக்கிறது, அது தெரியாமல் இருபது வருடம் அதையே சரி என்று பிடித்துக்கொண்டிருந்தேன், சரியாக வாசித்த ஒரு பெண்ணை எல்லாருக்கும் முன்னால் காது இல்லாதவள் என்று சொல்லித் துரத்தினேன், அவள் பெயர் கஜனி, நீங்கள் புகழ்கிற இந்தச் சத்தம் என் பிழை. இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னாள்.  எஸ்ரன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஷப்ராஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் ஒலிவாங்கியைக் கீழே வைத்தாள். பிறகு கைதட்டினார்கள். சும்மா இல்லை, எழுந்து நின்று தட்டினார்கள். நடத்திய பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோயில் ஆர்மோனியத்தில் பிறந்த சைக்கடெலிக் என்று அன்றைக்கே யாரோ இணையத்தில் தலைப்புப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் பாட்டைக் கேட்டவர்கள் நான்கு மடங்கு ஆனார்கள். ஷப்ராஸுக்குத் தலைகால் புரியவில்லை. துருக்கியும் சகாராவும் சேர்ந்து செய்யாததை ஒரு உண்மை செய்துவிட்டதே என்று மக்கீன் சாச்சாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். றேணுகாவுக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்தத் தெம்போடுதான் கஜனியைத் தேடிப் போனாள். கெட்டம்பைக் கந்தோரில் விசாரித்தால் இப்போதும் அங்கேதான் வேலை என்றார்கள். மதியச் சாப்பாட்டு நேரம். கஜனி கன்டீனில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். றேணுகாவைக் கண்டதும் எழும்பவில்லை, கதிரையைக் காட்டினாள். றேணுகா மேடையில் சொன்னதையெல்லாம் இன்னொரு தரம் சொன்னாள், கடைசியில் மன்னிப்பும் கேட்டாள். கஜனி சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்பட்ட மாதிரித் தெரியவில்லை. அந்த நத்தாருக்கு எங்கேயும் போகாமல் போடிங் அறையில் இருந்ததையும், அடுத்த மாதம் குழல்களை ஊருக்குக் கொடுத்தனுப்பியதையும், இப்போது வேறு கோயிலுக்குப் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்து வருவதையும், வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

பிறகு போனைத் தட்டிக் காட்டினாள். மண்டபத்துக் காணொளி அவளுக்கும் வந்திருந்தது.

"ஓம், பாத்தனான். எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டுகினம்," என்றாள் கஜனி. "அவையளோ அண்டைக்குச் சிரிச்சது?"

 கைதட்டல் றேணுகாவின் காதுக்குள் திரும்ப ஒலித்தது, இந்தத் தரம் அது அசிங்கமாக இருந்தது. செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கப் போய் மாலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. மாலை போட்டவர்களுக்குக் கஜனி ஒரு நல்ல கதை, அவ்வளவுதான். புதன்கிழமை ஐந்து மணிக்கு ஒத்திகை, அங்கேயே வைத்துச் சொல்கிறேன், வாங்க என்றாள். கஜனி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. டப்பாவை மூடிக் கழுவப் போய்விட்டாள்.

புதன்கிழமை மழை. குழுவில் இப்போது பத்தொன்பது பேர். பழைய இருபத்தெட்டில் பதினொரு பேர்தான் மிச்சம். மற்றவர்கள் இத்தாலி, கட்டார், கலியாணம் என்று பிரிந்துவிட்டார்கள், ஒருவர் இறந்துவிட்டார். திருவிழாப் பாட்டுகளுக்கு ஒத்திகை. மாஸ்டர் சுருதி கேட்டு றேணுகாவைப் பார்த்தார். அவள் சுருதி கொடுக்கவில்லை. வரிசையிலிருந்து இறங்கி முன்னால் வந்து நின்றாள். அந்த நேரம் பக்கக் கதவில் கஜனி குடையை மடித்துக்கொண்டு நின்றதைக் கண்டாள். உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றாள்.

மண்டபத்தில் இருநூறு பேருக்கு முன்னால் வந்த வார்த்தை இங்கே பத்தொன்பது பேருக்கு முன்னால் வரமாட்டேன் என்றது. ஆனாலும் சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் கஜனியை இந்த இடத்தில் வைத்து அவமானப்படுத்தினேன், கஜனி சொன்னது சரி, நான்தான் பிழை. கதை எதுவும் சேர்க்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. புதிதாக வந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்கிரட் அக்கா, எப்போதோ நடந்ததை இப்போது ஏன் கிண்டவேண்டும், பாட்டைத் தொடங்குவோம் என்றாள்.

அப்போதுதான் வில்பிரட் மாஸ்டர் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். கிழமையில் மூன்று நாள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிற, சத்தம் போட்டுப் பேசாத மனுஷன்.

"ஆர்மோனியம் எறங்கினது எனக்குத் தெரியும் புள்ள," என்றார். "கொழும்புலருந்து பாக்க வந்தவரு நீ பொறக்குறதுக்கு முந்தியே சொல்லிட்டுப் போனாரு. ஏத்தினா ரீட் ஒடஞ்சிரும்னாரு, அப்படியே விட்டுட்டேன்."

றேணுகா ஆர்மோனியத்துக்குக் கிட்டப் போனாள்.

"அப்ப அன்னைக்கி ஏன் மாஸ்டர் ஒரு வார்த்த சொல்லல?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். கதவுப் பக்கம் திரும்பவில்லை.

"நத்தாருக்கு எட்டு நாள்தான் இருந்துச்சு. நீ கோவிச்சிக்கிட்டுப் போனா பாட்டு நடக்காது. அந்தப் புள்ள போனா நடக்கும்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் கணக்கும் சரியாகத்தான் இருந்தது, அன்றைக்கு அப்படியேதான் நடந்தது. றேணுகா கதவைத் திரும்பிப் பார்த்தாள். கஜனி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுகையும் இல்லை, வென்ற களையும் இல்லை. ஆறு வருடமாகத் தான் நினைத்திருந்தது சரிதான் என்று தெரிந்துகொண்ட ஒரு களைப்பு மட்டும் இருந்தது. உள்ளே நின்றவர்களை முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். தெரிந்த முகம் எது, தெரியாத முகம் எது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"ரெண்டு பேர் சொல்லியாச்சு," என்றாள். "இன்னும் இருவத்தாறு பேர் இருக்கினம்."

குரலை உயர்த்தவில்லை. குடையை விரித்துக்கொண்டு படி இறங்கினாள். றேணுகா பாட்டுப் புத்தகத்தை ஆர்மோனியத்தின் மேல் வைத்துவிட்டு, மழையென்றும் பாராமல் அவள் பின்னால் போனாள். உள்ளே ஒருவரும் அசையவில்லை. மார்கிரட் அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். எஸ்ரன் மூன்றாம் வரிசையில் நின்று, திறந்திருந்த பக்கத்தையே இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.